வடகம் கையில், கடல் பெட்டியில்

பெல்ட் நின்றுவிட்டது.

பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டிகள் வரிசையாகச் சுற்றி வருமே, அந்தக் கறுப்பு பெல்ட்டைச் சொல்கிறேன். ஒரு மணி நேரமாக அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். யார் யார் பெட்டியோ வந்தது. ஒரு குழந்தையின் தள்ளுவண்டி வந்தது. கயிறு போட்டு நாலாபக்கமும் இறுக்கிக் கட்டிய ஒரு அட்டைப்பெட்டி வந்தது — கண்டிப்பாக நம்மூர்க்காரர் யாரோதான். என் பச்சைப் பெட்டி மட்டும் வரவில்லை.

கடைசியில் பெல்ட் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. சுற்றிலும் ஆள் இல்லை.

புடவைகள் போனால் போகட்டும். தங்கைக்காகக் கொண்டு வந்த நார்த்தங்காய் ஊறுகாய் போனாலும் போகட்டும். ஆனால், அந்தப் பெட்டிக்குள் ஒரு கடல் இருந்ததே... அதை யார் திருப்பித் தருவார்கள்?

என்னம்மா உளறுகிறாய் என்கிறீர்களா? இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஜைனப் என்று ஒரு டெய்லர். இருபது வருடமாக எனக்கு ஜாக்கெட் தைப்பவள். நான் எவ்வளவு பெருத்தாலும் முகத்துக்கு நேரே சொல்லாமல், சத்தம் போடாமல் டேப்பை இரண்டு இன்ச் தளர்த்திப் பிடிக்கும் நாகரிகம் தெரிந்தவள். அவளுக்கு ஒரே பெண், நிலோஃபர். பிரான்ஸில் ஆராய்ச்சிப் படிப்பு. எதைப் பற்றித் தெரியுமா? நம் புதுச்சேரிக் கடற்கரையை அலை எப்படி அரிக்கிறது, மணல் எங்கே போகிறது, எப்போது திரும்பி வருகிறது... இதைப் பற்றி.

அதற்காகக் குருசுக்குப்பத்தில், கடலைப் பார்த்த ஒரு வீட்டு மொட்டை மாடியில் கேமரா ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தாள் நிலோ. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அது கடலைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும். மழையோ வெயிலோ புயலோ, மூன்று வருடம். கேமரா படம் எடுக்கும், சரி. கார்டு நிறைந்தால் அதை மாற்றுவது யார்?

ஜைனப்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையை அடைத்துவிட்டு ஸ்கூட்டியில் கிளம்புவாள். மாடிக்கு ஏறி, கேமராவின் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்து, பழைய கார்டை எடுத்துப் புது கார்டு போட்டு, வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கார்டை அழித்துக் காலியாக்கி வைப்பாள். மூன்று வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. “இண்டர்நெட்ல அனுப்பிட வேண்டியதுதானே ஜைனப்?” என்று ஒருமுறை கேட்டேன். “அனுப்பலாம்க்கா. இப்ப ஆரம்பிச்சா எம் பேத்தி கல்யாணத்துக்குப் போயி சேரும்” என்றாள். அவ்வளவு பெரிய பைல்கள்.

செப்டம்பரில் நிலோ தீசிஸ் கொடுக்க வேண்டும். அதற்குள் டிஸ்க் போய்ச் சேர வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் பாரிஸ் கிளம்பினேன், என் தங்கை அமலா வீட்டுக்கு.

இங்கே கொஞ்சம் நம்மூர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரியில் ஒருவர் பாரிஸ் போகிறார் என்றால், அவர் மட்டுமா போகிறார்? தெருவே போகும்! டிக்கெட் போட்ட சேதி எப்படித்தான் பரவுமோ, முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் பார்சல் வர ஆரம்பித்துவிடும். மச்சானுக்கு மிளகாய்த்தூள், மருமகளுக்குச் சீயக்காய், யாரோ ஒருவரின் பேரனுக்கு முறுக்கு. வாங்கிக்கொள்ளும்போது “உள்ள என்னா இருக்கு?” என்று கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை இல்லை. கொடுப்பவரும் சொல்லமாட்டார். “ஒண்ணுமில்ல, சின்னப் பொட்டலந்தான்” என்பார். அந்த ஒன்றுமில்லாதது மூன்று கிலோ இருக்கும்.

ஜைனப் கொடுத்தது அப்படி இல்லை. அழகான பை. அவளே தைத்தது. வெளியே ரெக்ஸின், உள்ளே ஜாக்கெட்டுக்கு வைத்துத் தைக்கும் கப் ஸ்பாஞ்சு இரண்டு அடுக்கு, ஓரத்துக்குப் பைப்பிங் வேறு. வாயை நூல் போட்டுத் தைத்தே விட்டிருந்தாள். “நடுவுல பிரிஞ்சிடக் கூடாதில்லக்கா? நிலோ கையாலதான் பிரிக்கணும்” என்றாள்.

“டிஸ்க்குக்கு மெத்தையே போட்டுட்டியே!”

“இன்னாக்கா பண்றது... உசுரு மாரி. கையிலேயே வச்சிக்கிங்க. பெரிய பொட்டியில போட்டுடாதீங்க. நிலோ நூறு வாட்டி சொல்லிச்சு.”

“எனக்குத் தெரியாதா?” என்றேன். என்ன திமிர் பாருங்கள்.

சென்னை விமான நிலையம். கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண், உதட்டில் சிரிப்பு, கண்ணில் தூக்கம். பெரிய பெட்டியை எடை போட்டாள். இரண்டு கிலோ பாக்கி இருந்தது. பெருமையாக நிமிர்ந்தேன். “கேபின் பேக் வைங்க மேடம்” என்றாள். வைத்தேன். ஏழு கிலோ இருக்க வேண்டிய இடத்தில் எட்டு புள்ளி ஆறு காட்டியது.

“ஒண்ணரை கிலோ எடுத்து பெரிய பெட்டியில போட்டுடுங்க மேடம்.”

எனக்குப் பின்னால் நீளமான வரிசை. அத்தனை பேரும் என் முதுகைப் பார்க்கிறார்கள். தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். உள்ளே என்ன இருந்தது? மாத்திரை டப்பா, அதைத் தொட முடியாது. இரண்டு புத்தகம். ஒரு சால்வை. ஜைனப்பின் பை. அப்புறம் ஒரு கிலோ வடகம்.

தாளிக்கிற வடகம்தான். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, மாடியில் பத்து நாள் காய வைத்தது. அமலா போனில் பேசும்போதெல்லாம் அதைக் கேட்டுத்தான் உயிரை எடுப்பாள். ஒரு உருண்டையை எண்ணெயில் கிள்ளிப் போட்டால் நாலு வீடு தள்ளி மூக்கை இழுக்கும்.

வடகத்தை எடுத்துப் பெரிய பெட்டியில் போட்டிருந்தால் வேலை முடிந்தது. கூட ஒரு புத்தகம் போட்டிருந்தால் போதும். ஒன்றரை கிலோ சரியாகிவிட்டிருக்கும். ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன், என்னைத் திட்டாதீர்கள். இல்லை, திட்டுங்கள்.

‘ஐயோ, பெரிய பெட்டியில் போட்டால் வடகம் நசுங்கிவிடுமே!’

நசுங்கினால் என்ன? எப்படியும் உதிர்த்துத்தானே தாளிக்கப் போகிறாள்? அது அப்போது தோன்றவில்லை. ஜைனப்பின் பைக்குத்தான் ஸ்பாஞ்சு போட்டிருக்கிறதே, மெத்தையில் தூங்குகிற பிள்ளை எங்கே படுத்தால் என்ன என்று தோன்றியது. இரண்டு புத்தகம், சால்வை, ஜைனப்பின் பை... எல்லாவற்றையும் அள்ளிப் பெரிய பெட்டியில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

அந்தப் பெண் குனிந்து கேட்டாள். “மேடம், பவர் பேங்க், லேப்டாப், ஹார்டு டிஸ்க் மாதிரி ஏதாவது பெரிய பெட்டியில இருக்கா? இருந்தா கையில எடுத்துக்குங்க.”

கேட்டாள். ஹார்டு டிஸ்க் என்று பெயரைச் சொல்லியே கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றேன். திரும்பவும் திறந்தால் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். “பெட்டியை நீங்களேதானே பேக் பண்ணீங்க?” “ஆமாம்.” பாதி முதலியார்பேட்டை சேர்ந்து பேக் செய்த பெட்டி அது.

பச்சைப் பெட்டி உள்ளே போனது. நானும் வடகமும் விமானம் ஏறினோம்.

இப்போது பெல்ட்டுக்கு வாருங்கள். அமலா என்னை அழைத்துப்போக வந்திருந்தாள். “ரெக்லமாசியோன் எழுதிக் குடுக்கணும்க்கா, வா” என்று புகார் கவுன்ட்டருக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்தவர் பெட்டியின் நிறம், அளவு எல்லாம் கேட்டுவிட்டு, உள்ளே இருந்ததன் மதிப்பு எவ்வளவு என்று கேட்டார். அமலா தமிழில் மாற்றிச் சொன்னாள். மூன்று வருடக் கடலுக்கு என்ன விலை போடுவது?

“ஒரு ஹார்டு டிஸ்க் இருக்குதுன்னு சொல்லு” என்றேன் மெதுவாக.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். நகை, பணம், எலக்ட்ரானிக் சாமான்களைப் பெரிய பெட்டியில் போட்டால் நாங்கள் பொறுப்பல்ல என்று போட்டிருக்கிறதாம். டிக்கெட் வாங்கும்போதே அதற்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேனாம். நான் எப்போது சொன்னேன்? நம்மில் யார் அதையெல்லாம் படிக்கிறோம்?

அமலா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஹார்டு டிஸ்க்க ஏங்க்கா பொட்டியில போட்ட?”

அந்த நேரம்தான் என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது. “நான் எங்க போட்டேன்? கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு வெயிட் ஜாஸ்தின்னு புடுங்கி உள்ள போட்டுட்டா.”

சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். எனக்கே ஆச்சரியம்.

அதையே நிலோவுக்கும் போனில் சொன்னேன். அவள் இருப்பது வேறு ஊர், ரயிலில் மூன்று மணி நேரம். மறுநாள் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தக் குழந்தை எனக்கு ஆறுதல் சொன்னது!

“பரவால்ல ஆன்ட்டி, பதறாதீங்க. நாந்தான் அம்மாகிட்ட ரெண்டு காப்பி எடுக்கச் சொன்னேனே. ஒண்ணு உங்ககிட்ட, இன்னொண்ணு வீட்டு பீரோல. இது போனாலும் அது இருக்கும்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படித்த பெண் படித்த பெண்தான் என்று மெச்சிக்கொண்டேன். அமலாவைக் காபி போடச் சொன்னேன். காபி வருவதற்குள் மறுபடி போன்.

நிலோ அழுதுகொண்டிருந்தாள். “ஆன்ட்டி... அம்மா ரெண்டையுமே உங்ககிட்ட குடுத்துட்டாங்களாம். ஒரே பையிலயாம்.”

உடனே நெல்லித்தோப்புக்குப் போன் போட்டேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

“ஜைனப், ஏன்டி ரெண்டையும் ஒண்ணா வச்சே? நிலோ ஒண்ண வீட்ல வைக்கச் சொல்லிச்சாமே?”

“சொல்லிச்சுக்கா. ஆனா ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கைக்குக் கிட்டவே இருக்கட்டும்னு நெனச்சேன். அவ அங்க இருக்கா, ஸ்பேரு இங்க பீரோல இருந்தா அவசரத்துக்கு என்னா பிரயோஜனம்? சட்டைக்கு ஸ்பேர் பொத்தான எங்கக்கா தெக்கிறோம்? சட்டை உள்ளேயேதான தெக்கிறோம்?”

ஒரு டெய்லரின் கணக்கு. அதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனி பாக்கெட் வைத்து, ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவில் ஸ்பாஞ்சு கொடுத்து, பார்த்துப் பார்த்துத் தைத்திருக்கிறாள். சட்டையே தொலைந்தால் பொத்தானும் கூடவே தொலையும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. நாம் யோசிக்கிறோமா? வீட்டுப் பத்திரத்தின் நகலை அசல் இருக்கிற அதே பையில்தானே வைக்கிறோம்?

“கார்டுல ஏதாவது இருக்காதா ஜைனப்?”

“அதான் வாரா வாரம் அழிச்சிட்டனே. கடசி வாரம் எடுத்தது மட்டுந்தான் இருக்கு.” பிறகு கேட்டாள். “போன வருசத்துக் கடல இப்பப் போயி எப்படிக்கா படம் புடிக்கிறது?”

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நிலோ ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினாள். “பெட்டி வராம நான் போக மாட்டேன் ஆன்ட்டி” என்றாள். அமலா அவளைக் கட்டிக்கொண்டு, “மொதல்ல சாப்புடு, எல்லாம் வந்துடும்” என்று மீன் குழம்பு வைத்தாள். என் வடகத்தை எண்ணெயில் போட்டதும் அந்த நாலாவது மாடி வீடு முழுக்க நம்மூர் மணம். அழுது வீங்கிய முகத்தோடு இருந்த பெண், இரண்டு முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு மனசு கொஞ்சம் லேசானது. ஐயோ, என் புத்தியை என்ன சொல்ல!

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைக்கவே வேண்டாம் என்று இருக்கிறது. காலிங் பெல் அடித்தால் நிலோதான் முதலில் ஓடுவாள். தபால்காரர். பக்கத்து வீட்டுக்காரி. மறுபடி தபால்காரர். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிற இணையப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடுவாள். “தேடிக்கொண்டிருக்கிறோம்” என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நானே கேட்டேன். “ஏம்மா, பெட்டி வந்துட்டா எல்லாம் சரியாயிடுமில்ல? ஸ்பாஞ்சு எல்லாம் போட்டிருக்கே?”

அவள் பொறுமையாக விளக்கினாள். அந்த டிஸ்க்குக்குள்ளே ஒரு தட்டு இருக்கிறதாம். தட்டுக்கு மேலே, முடி அளவு இடைவெளிகூட இல்லாமல், ஒரு முள் நகருமாம். வேகமாக ஓங்கி ஒரு அடி விழுந்தால் போதும், உள்ளே ஏதாவது விலகிவிடும். “பெட்டியை வண்டியில ஏத்தறப்ப பார்த்திருக்கீங்களா ஆன்ட்டி? தூக்கி வைக்க மாட்டாங்க. எறிவாங்க.”

பார்த்திருக்கிறேனே! விமானத்தின் ஜன்னல் வழியாக எத்தனை முறை பார்த்து, “பாவம், யார் பெட்டியோ” என்று சொல்லியிருக்கிறேன்.

“அப்ப அந்த எக்ஸ்ரே மிஷின்? அதுல போனா அழிஞ்சிடாதா?”

“அதுல ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. எல்லாரும் அதுக்குத்தான் பயப்படறாங்க. பயப்பட வேண்டியது கீழ விழறதுக்கும் தொலைஞ்சி போறதுக்கும்தான்.”

வியாழக்கிழமை காலை பெட்டி வந்தது.

ஒரு சக்கரம் இல்லை. ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது. ஜிப்பின் ஓரமாக மஞ்சள் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. திறந்தோம். ஊறுகாய் ஜாடி உடைந்து, என் புடவைகள், சால்வை, இரண்டு புத்தகம் எல்லாம் நார்த்தங்காய் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. நடுவே ஜைனப்பின் பை.

நிலோ அதை எடுத்துத் துடைத்தாள். ரெக்ஸின் எண்ணெயை உள்ளே விடவில்லை. நூலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு டிஸ்க், பளபளவென்று, தைத்த அன்று வைத்தது மாதிரியே. “அல்லா!” என்றாள் நிலோ. அமலா கைதட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் டிஸ்க்கை லேப்டாப்பில் சொருகினாள்.

டிக்.

டிக்... டிக்... டிக்.

வேறு ஒன்றும் வரவில்லை. திரையில் எதுவும் தெரியவில்லை. நிலோ அதைக் காதருகே வைத்துக் கேட்டாள். பிடுங்கி மறுபடி சொருகினாள். மறுபடி அதே டிக், டிக். “இது செத்துடுச்சு” என்றாள்.

நான் கும்பிடாத சாமி இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். இரண்டாவது டிஸ்க். சின்ன நீல விளக்கு எரிந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி.

திறந்தது.

வரிசையாக மாதங்கள். நிலோ ஏதோ ஒன்றைத் தட்டினாள். திரை முழுக்கக் கடல். குருசுக்குப்பம், ஏதோ ஒரு மழைக்கால விடியல், கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகு, அதன் நிழலில் ஒரு நாய். நிலோ கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். நான் அழுததற்குக் காரணம் வேறு.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் செய்த வேலையைப் பார்த்தேன். கடைக்கு ஓடிப்போய் இரண்டு புது டிஸ்க் வாங்கி வந்தாள். இரண்டிலும் காப்பி. “ஒண்ணு உங்க தங்கச்சி வீட்லயே இருக்கட்டும், ஒண்ணு யுனிவர்சிட்டியில, பழசு எங்கிட்ட” என்றாள். மூன்று காப்பி, மூன்று இடம். ஒரே கூரையின் கீழ் இரண்டு இல்லை. காப்பி ஏறி முடிய மறுநாள் மதியம் ஆனது. அதுவரை லேப்டாப்பை ஒருவரும் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவளை ரயிலேற்றப் போனேன். தோளில் பை. அதற்குள் துண்டில் சுற்றிய இரண்டு டிஸ்க்; மூன்றாவது அமலா வீட்டில். பையை முன்பக்கமாகப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ரயில் வர ஐந்து நிமிடம் இருந்தது.

“ஆன்ட்டி, உங்க தங்கச்சி வச்ச மீன் குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“வடகம் அப்படி கண்ணு. நானே போட்டது.”

“தெரியுது ஆன்ட்டி. ஊர்லேர்ந்து நீங்க கொண்டு வந்ததுதானே?”

“பின்ன? ஒரு கிலோ!”

“ஞாயித்துக்கிழம சாப்ட்டோம்” என்றாள் நிலோ, தண்டவாளத்தைப் பார்த்தபடி. “பெட்டி வியாழக்கிழமதானே ஆன்ட்டி வந்துச்சு?”



அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தெரிந்திருக்கிறது! இரண்டாவது முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாளே, அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாள். எடை ஜாஸ்தி என்றால் ஒரு கிலோ வடகம் எப்படிக் கையிலேயே வந்தது, டிஸ்க் மட்டும் எப்படிப் பெட்டிக்குள் போனது என்று. அத்தனை நாளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். மாத்திரை சாப்பிட்டீங்களா ஆன்ட்டி என்று விசாரித்தாள்.

“நிலோ... அது வந்து... அந்த கவுன்ட்டர் பொண்ணு...”

“வேணாம் ஆன்ட்டி.” குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “அம்மாகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன். அது உங்க வேல.”

ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

ஊர் திரும்பி ஒரு வாரம் நெல்லித்தோப்புப் பக்கமே நான் போகவில்லை. போகாமல் இருக்க முடியுமா? கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் ஜைனப் மிஷினிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்களுக்கு எவ்ளோ அலைச்சல்க்கா! நிலோ சொல்லிச்சு, நீங்களும் கூட அழுதீங்களாமே. எம் மேலதான் தப்பு, ரெண்டையும் ஒண்ணா வச்சது. ஆனா அந்தக் கவுன்ட்டர் பொண்ணு செஞ்சாளே... அவள அல்லா பார்த்துக்குவான்க்கா.”

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. அல்லாவுக்குத் தெரியுமே! அந்தக் கவுன்ட்டர் பெண், பாவம், எவ்வளவு தன்மையாகக் கேட்டாள். பெயர் சொல்லிக் கேட்டாள். அவள் தலையில் என் பாவத்தை ஏற்றிவிட்டு நான் இங்கே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். எட்டு புள்ளி ஆறு, பின்னால் நின்ற வரிசை, அந்தப் பெண் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில்.

ஜைனப் கையை விட்டாள்.

“வடகமா?” என்றாள்.

“ஆமா.”

“வடகம் நசுங்கிடும்னா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கக்கேடு. அவள் மிஷினில் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட தையலைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வந்துவிட்டேன். வழியனுப்ப அவள் எழவில்லை. இருபது வருடத்தில் முதல் முறை.

உங்களுக்கு இதிலிருந்து என்ன வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாடு போகும்போது ஹார்டு டிஸ்க் கொண்டு போனால் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு காப்பியை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். இரண்டையும் ஒரு பையில் வைக்காதீர்கள். எங்கள் கதையில் அதுவே காப்பாற்றியது என்கிறீர்களா? அது அதிர்ஷ்டம். ஒரு டிஸ்க் செத்தது, ஒன்று பிழைத்தது. இரண்டும் சேர்ந்தே செத்திருக்கலாம், பெட்டியே வராமல் போயிருக்கலாம். கவுன்ட்டரில் கேள்வி கேட்டால், வரிசையில் நிற்பவர்களுக்காகப் பதில் சொல்லாதீர்கள். அவர்களை இனி வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. டிஸ்க்கைக் கொடுத்தவளைத்தான் பார்க்க வேண்டும்.

இதை எழுதி முடிக்கிற நேரம் பார்த்து, நேற்று வாசலில் ஸ்கூட்டி சத்தம். ஜைனப்! என் வீட்டுக்கு அவள் வருவது அபூர்வம். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்று ஒரு பையை நீட்டினாள். வெளியே ரெக்ஸின். உள்ளே கப் ஸ்பாஞ்சு, இந்த முறை மூன்று அடுக்கு. ஓரத்துக்குப் பைப்பிங். நல்ல அகலமான வாய். ஒரு கிலோ தாராளமாகப் பிடிக்கும்.

“என்னாடி இது?”

“வடகத்துக்குக்கா” என்றாள். “அடுத்த வாட்டி பாரிஸ் போறப்ப இதுல வச்சி எடுத்துக்கினு போங்க. அடிபடக் கூடாதில்ல?”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன்.